தும்பையும் வாகையும்

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப் படம் ஒன்றைக் குறித்துத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவதைக் கண்டு நேயர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. மூன்று மாதங்களுக்கு முன் யானும் அவ்வாறே நகைத்தேன்.

என்னிடம் பாலபண்டித வகுப்பிற் பயின்று, இன்று உடற்கல்வி ஆசிரியராக விளங்கும் மாணாக்கர் ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலை தம் மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

"எனக்கு அந்தப் பந்தும் தெரியாது, அமெரிக்கரையும் தெரியாது. நான் பார்த்து என்ன செய்ய?" என்றேன்.

"விளையாட்டு விளங்காட்டிலும் பரவாயில்லை ஐயா. ஆக்களை உங்களுக்கு விளங்கும்" என்றார்.

அவர் கூறியது மெய்யாயிற்று. படம் முடிந்தபின் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகள் என்னோடு வாதிட்ட ஒருவரின் முகம் கண்முன்னே நின்றது. அவரைப் பற்றி ஈற்றிற் கூறுவேன். முதலிற் படத்தைப் பற்றிக் கூறுதல் முறை.

அப்படத்தின் பெயர் 'மஜிக் அன்ட் பேர்ட்: எ கோர்ட்ஷிப் ஒஃப் றைவல்ஸ்' என்பது. போட்டியாளர் இருவர் ஒருவரையொருவர் நெருங்கிய கதை என அதற்குப் பொருள் கொள்ளலாம். அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2010ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. நெறிப்படுத்தியவர் எஸ்றா எடெல்மன். இவரே பின்னர் 'ஓ. ஜே.: மேட் இன் அமெரிக்கா' என்னும் நெடிய விவரணப் படத்தை ஆக்கி, 2017இல் ஒஸ்கார் விருது பெற்றவர். கதைக்குரியோர் லரி பேர்ட், ஏர்வின் ஜோன்சன் என்னும் ஆட்டக்காரர் இருவர். பின்னவருக்கு, அவர் பதினைந்து வயதுப் பிள்ளையாயிருந்த காலத்தில், ஊர்ப் பத்திரிகையாளர் ஒருவர் 'மஜிக்' என்று பட்டப் பெயர் இட்டார். மாயவித்தை என்பது அதன் பொருள். பெற்றோர் இட்ட பெயரினும் அதுவே நிலைத்துவிட்டது.

இவ்விருவரும் பிறந்த சூழலை ஒப்புநோக்கும்போது, படம் பார்ப்பவர் மனத்தில் முதல் வியப்பு எழுகின்றது. பேர்ட் வெள்ளையர், இந்தியானா மாநிலத்தின் பிறெஞ்ச் லிக் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் வளர்ந்தவர். ஜோன்சன் கறுப்பினத்தவர், மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரத் தொழிலாளி ஒருவரின் மகன். பேர்ட் பேசாதவர், பிறர் முகம் பார்க்கவும் கூசுபவர். ஜோன்சனோ புகுந்த இடமெல்லாம் புன்னகையால் ஒளிசெய்பவர். இவர்களைப் போல் வேறுபட்டார் இல்லை என்று நாம் கருதும்போதே ஓர் ஒற்றுமை வெளிப்படுகின்றது. ஜோன்சனின் தந்தையார் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்ததோடு, ஓய்வு வேளையிற் குப்பை லொறியும் ஓட்டினார்; மகனும் அந்த லொறியில் உடன்சென்று உழைத்தார். பேர்ட், 1974இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, அதன் பெருங்கூட்டத்தைப் பொறுக்க இயலாது ஒரு மாதத்துக்குள் வீடு திரும்பி, தம் ஊர் நகரசபையின் கூலியாளாய்க் குப்பை லொறி ஏறினார். மறுவருடம் அவருடைய தந்தையார் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாயார் பல வேலைகள் பார்த்துப் பிள்ளைகளைக் காத்தார்.

குப்பை லொறியிலிருந்து இறங்கிய அவ்விருவரும் 1979ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, சோல்ற் லேக் நகரில், கல்லூரிகளுக்கிடையான இறுதியாட்டத்தில் எதிர்நின்றனர். பேர்டின் இந்தியானா ஸ்ரேற் அணி அவ்வாண்டு ஆடிய 33 ஆட்டங்களிலும் வென்று வந்திருந்தது. அன்றோ, ஜோன்சனின் மிச்சிகன் ஸ்ரேற் அணி 75–64 என வென்றது. பேர்ட் கூடையை நோக்கி எறிந்த 21 பந்துகளுள் 7 மட்டுமே உட்புகுந்தன. ஆட்டம் முடிந்ததும் அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். அத்தோல்வியின் வடு நெடுங்காலம் ஆறவில்லை.

அதே ஆண்டில் இருவரும் தொழின்முறை அணிகளிற் சேர்ந்தனர். பேர்ட் கீழ்க்கரையில் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணியில், ஜோன்சன் மேற்கரையில் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ் அணியில். அவ்விரு அணிகளுக்குமிடையே முன்னரே பழம்பகை ஒன்று உண்டு. 1959 முதல் 1969 வரை ஏழு தடவை இறுதித் தொடரிற் சந்தித்து, ஏழிலும் லேக்கேர்ஸ் தோற்றிருந்தது. ஆயினும் 1970களின் இறுதியில் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத்துக்கு அமெரிக்க மக்களிடையே மதிப்புக் குன்றியிருந்தது. 1980ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி, காயமுற்ற கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதிலாக, இருபதே வயதான ஜோன்சன் நடுவிடத்தில் நின்று 42 புள்ளிகள் எடுத்துச் சம்பியன் பட்டத்தை வென்று கொடுத்தார். அத்தகைய அரிய ஆட்டத்தையும் நாட்டின் பெரும்பகுதி நேரடியாகக் காணவில்லை. பதிவு செய்து, இரவு நெடுநேரங் கழித்தே தொலைக்காட்சியிற் காட்டினர். அவ்வளவில் இருந்த ஓர் ஆட்டத்தை உலகமெல்லாம் பார்க்கும் ஆட்டமாக மாற்றியதிற் பெரும்பங்கு இவ்விருவருடைய போட்டிக்கு உண்டு.

இவ்விடத்தில் நம் புறப்பொருள் இலக்கணத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். நம் முன்னோர் போரைப் பூக்களாற் பகுத்தனர். ஆநிரை கவர்தல் வெட்சி. மண்ணாசையாற் பிறர் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி. அரணை முற்றுதல் உழிஞை. இவற்றிலெல்லாம் பெறவேண்டிய பொருள் ஒன்று முன்னே நிற்கின்றது. ஆவோ மண்ணோ மதிலோ கருதாது, தத்தம் வலிமையை நிறுத்துக் காணும்பொருட்டு இரு வேந்தர் ஒத்த களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை. அதன்பின் வென்றவன் சூடுவது வாகை. தும்பை வேறு, வாகை வேறு. இவ்வேறுபாட்டை யான் நெடுங்காலம் வகுப்பிற் கற்பித்துவந்தேன். ஆனால் அதன் உட்பொருளை இப்படத்தைப் பார்த்த பின்னரே உணர்ந்தேன் என்று கூற வெட்கமில்லை.

என்னை? வாகையை மட்டும் கருதினால், எதிரி எவ்வளவு எளியவனோ அவ்வளவும் நமக்கு நன்று. தும்பையைக் கருதினால், எதிரி எளியவனாயிருத்தல் நமக்கு இழுக்கு. பேர்டும் ஜோன்சனும் இவ்விரண்டாம் வகையினர். ஓர் ஆண்டில் ஓர் அணிக்குரிய ஆட்டங்கள் 82. அவற்றுள் இவ்விருவரும் நேர்நின்றவை இரண்டு மட்டுமே. ஆண்டுதோறும் ஆட்ட அட்டவணை வெளிவந்தவுடன் அவ்விரண்டு நாள்களையுமே முதலில் வட்டமிட்டு வைப்பதாக ஜோன்சன் சொல்லியிருக்கிறார். பேர்டோ, காலையிற் பத்திரிகை வந்ததும், ஈராயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் முன்னிரவில் ஜோன்சன் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதையே முதலிற் பார்ப்பாராம். ஒருவரோடொருவர் பேச்சில்லை, கைகுலுக்கலும் கடமைக்கே. ஆயினும் இவரை எழுப்பி நாள்தோறும் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர். அவரை அனுப்பியவர் இவர்.

1984இல் இருவரும் முதன்முறையாகத் தொழின்முறை இறுதித் தொடரிற் சந்தித்தனர். இத்தொடரில் ஏழு ஆட்டங்களுள் நான்கை முந்தி வெல்லும் அணிக்கே பட்டம். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி வினாடிகளில், என்ன செய்வதென்று தெளியாது ஜோன்சன் பந்தைக் கையில் வைத்தபடியே காலத்தைக் கழியவிட்டார். நான்காவது ஆட்டத்தில், தவறுக்கு ஈடாகக் கிடைத்த தடையற்ற எறிவுகள் இரண்டையும் இழந்தார். ஐந்தாவது ஆட்டத்தன்று பொஸ்ரன் அரங்கினுள் வெப்பம் பரனைற் அளவில் 97 பாகை. அவ்வெக்கையிற் பிறர் சோர்ந்து விழ, பேர்ட் 34 புள்ளிகள் எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் பொஸ்ரன் பட்டத்தை வென்றது. மஜிக் என்னும் பெயரைத் 'திறாஜிக்' என்று திரித்து, அவலத்துக்குரியவர் என ஜோன்சனை எள்ளினர். அடுத்த கோடைகாலம் முழுவதும் அவர் அத்தோல்வியோடு வாழ்ந்தார்.

1985இல் மறுபடியும் சந்திப்பு. முதலாட்டத்தில் லேக்கேர்ஸ் 148–114 எனப் படுதோல்வி அடைந்தது. அவ்வளவில் ஒடிந்துபோகாது எழுந்து, ஆறாவது ஆட்டத்தில், பொஸ்ரன் அரங்கிலேயே, 111–100 என வென்று பட்டம் பெற்றது. எட்டு முறை தோற்ற பகைவனை முதன்முறையாக இறுதித் தொடரில் வென்றமை அதுவே. 1987இலும் லேக்கேர்சே வென்றது. அத்தொடரின் நான்காவது ஆட்டத்தில், இரண்டு வினாடிகள் எஞ்சியிருந்த நிலையில், ஜோன்சன் தலைக்குமேல் வளைத்தெறிந்த பந்து 107–106 என முடிவு கட்டியது. மூன்று தொடர்களிலும் சேர்த்து 19 ஆட்டங்கள். லேக்கேர்ஸ் 11, செல்ரிக்ஸ் 8. அதிசிறந்த ஆட்டக்காரர் விருதோ இருவருக்கும் மும்மூன்று. தராசின் இரு தட்டுகளும் இவ்வளவு நெருங்கி நிற்பது அரிது.

களத்துக்கு உள்ளே நிகழ்ந்தது இது. களத்துக்கு வெளியே நின்றோரின் போர் வேறு வகையானது. இதனை நன்கு உணர்த்துவது 2017இல் ஈ.எஸ்.பி.என். நிறுவனம் வெளியிட்ட 'பெஸ்ற் ஒஃப் எனிமீஸ்' என்னும் மற்றொரு நீண்ட படம். அதில் உரை சொல்பவர் இருவர். பொஸ்ரன் பக்கத்தை அந்நகர் பெற்ற நடிகர் டொனி வோல்பேர்க்கும், லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தை அந்நகர்க் கலைஞர் ஐஸ் கியூப்பும் எடுத்துரைக்கின்றனர். நடுநிலைமை கூறுவதாக நடியாது, இரு கட்சியையும் அவரவர் வாயாலேயே பேசவிட்ட முறை நம் பட்டிமண்டபங்களை நினைவூட்டுகின்றது.

பேர்ட் வெள்ளையர் என்பதனாலும், ஜோன்சன் கறுப்பினத்தவர் என்பதனாலும், அமெரிக்கர் பலர் தத்தம் நிறத்தின் கட்சியாகவே இவ்வணிகளைப் பகுத்துக்கொண்டனர். 1974இல், பாடசாலைகளில் நிறப் பிரிவினையை நீக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டபோது, கறுப்பினப் பிள்ளைகள் ஏறிவந்த பஸ் வண்டிகளுக்குக் கல்லெறிந்த நகரம் பொஸ்ரன். ஆதலால் அந்நகரின் அணியை வெள்ளையர் அணி என்றே பலர் வெறுத்தனர். ஆனால் சரித்திரம் கூறுவது யாது? 1950இல், தொழின்முறை அணிகளின் தேர்வில் கறுப்பினத்தவர் ஒருவரை முதன்முதலாகத் தெரிந்தெடுத்தது அந்த செல்ரிக்ஸ் அணியே. 1964இல் ஐந்து கறுப்பினத்தவரை ஒருங்கே களத்தில் இறக்கி ஆட்டந் தொடங்கியதும், 1966இல் பில் றசல் என்னும் கறுப்பினத்தவரைப் பயிற்றுநராக்கியதும் அவ்வணியே. அந்த றசல் அதற்குப் பதினொரு பட்டங்கள் வென்று கொடுத்தவர். அவருடைய வீட்டைக் கயவர் சிலர் உடைத்து அசுத்தப்படுத்தியதும் அந்நகரின் புறத்தேதான். அணியின் அறம் ஒன்று. அதனைச் சூழ்ந்து ஆரவாரித்த கூட்டத்தின் நெஞ்சம் மற்றொன்று. பொருதவர் இருவரும் ஒருவரையொருவர் அளந்தனர். பார்த்தவருட் பலர் வெறுத்தனர். வெறுப்புக்குத் தும்பைத் திணையில் இடமில்லை.

அந்த வெறுப்பு முதலில் உடைந்த இடம் ஒரு சாப்பாட்டு மேசை. 1985ஆம் ஆண்டுக் கோடையில் கொன்வேர்ஸ் என்னும் சப்பாத்து நிறுவனம் இருவரையும் சேர்த்து ஒரு விளம்பரப் படம் எடுக்க விரும்பிற்று. தம் ஊரை விட்டு வர பேர்ட் இசையவில்லை. ஜோன்சனே பிறெஞ்ச் லிக் சென்றார். காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேலை நடந்தது. மதிய வேளையில், ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்குவார்கள் என்று பிறர் எண்ணியிருக்க, பேர்டின் தாயார் சமைத்து வைத்துக்கொண்டு இருவரையும் வீட்டுக்குள் அழைத்தார். தம் மகனின் பெரும் பகைவனை அவ்வம்மையார் கட்டித் தழுவி வரவேற்றாராம். அன்று அவ்வீட்டில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் தத்தம் ஊரையும் பெற்றோரையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். மஜிக்கை அல்ல, ஏர்வின் என்னும் மனிதனையே தாம் அன்று கண்டதாக பேர்ட் பின்னர் கூறினார். அதே கோடையில் தாயாரின் வீட்டுக்குப் பாதை அமைக்கக் கல் அள்ளியபோது அவருடைய முதுகில் நேர்ந்த ஊறு, இறுதியில் அவருடைய ஆட்ட வாழ்வையே முடித்தது என்பதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

1991ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி, தம் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி உண்டென்பதை ஜோன்சன் உலகறியச் சொன்னார். நல்ல மருந்துகள் தோன்றாத அக்காலத்தில் அதனை மரணத் தீர்ப்பென்றே யாவரும் கருதினர். கைகொடுக்க அஞ்சினோரும் உளர். செய்தி கேட்ட பேர்டுக்கு, தந்தையார் இறந்த நாளில் உற்ற துயரமே மறுபடியும் வந்தடைந்தது. தாம் உயிரினும் மேலாகக் கருதிய ஆட்டத்தையே ஆட மனமில்லாமற் போயிற்று என்கிறார் அவர். வாகையே நோக்கமாயின், பகைவன் களத்தை விட்டு நீங்கிய நாள் மகிழ்வுக்குரிய நாளாயிருந்திருக்க வேண்டும். அவ்வாறு இராமையே இவர்கள் பொருதது தும்பை என்பதற்குச் சான்று.

1992இல் பாசிலோனா ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே அணியில் ஆடிப் பொற்பதக்கம் பெற்றனர். அம்மாதமே பேர்ட் ஓய்வுபெற்றார். 1993ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி பொஸ்ரனில் அவருக்குப் பிரியாவிடை. லேக்கேர்ஸ் மேற்சட்டையோடு மேடையேறிய ஜோன்சனின் சட்டை விலகியபோது, உள்ளே செல்ரிக்ஸ் சட்டை தெரிந்தது. தம்மைப் போல் இன்னொருவர் வருவார் என்று பேர்ட் கூறியது ஒன்றே அவர் தம்மிடம் சொன்ன ஒரே பொய் என்றும், அப்படி ஒருவர் இனி வரப்போவதில்லை என்றும் ஜோன்சன் அச்சபையிற் கூறினார். ஒரு காலத்தில் அவரை எள்ளிய அதே அரங்கு எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மரணத் தீர்ப்பும் பொய்த்தது. 1996இல் வந்த புதிய மருந்து முறைகளால் அவர் உயிர் காக்கப்பட்டது. 2002இல் ஜோன்சன் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டபோது, அவரைச் சபைக்கு முன்மொழிந்தவர் பேர்டே.

இனி, முதலிற் குறித்த அன்பரைப் பற்றிக் கூறுகின்றேன்.

அவரும் யானும் ஒரே ஆண்டிற் பண்டித பரீட்சை எழுதினோம். அவர் என்னை முந்தினார். பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிற் பட்டிமண்டபங்களில் எதிர்க்கட்சியில் நின்றோம். ஒவ்வொரு பேச்சையும் ஆயத்தஞ் செய்யும்போது, 'இதற்கு அவர் என்ன சொல்வார்?' என்பதே என் முதற் கேள்வி. ஒரு மேடையில் அவர் என் உரையில் ஒரு வழுவைச் சபையறியக் காட்டினார். வழு வழுவே, ஆயினும் சபை சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. அவர் வீடு இரண்டு மைலுக்கு உட்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் மார்கழியில் அவர் காலமானார். செத்தவீட்டுக்குச் சென்றேன், முற்றத்தில் நின்று திரும்பிவிட்டேன்.

அந்தியேட்டி முடிந்தபின் அவருடைய மகன் ஒரு பொதியைக் கொண்டுவந்து தந்தார். "அப்பாவின்ர அலுமாரியில கிடந்தது. உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி அம்மா சொன்னவ" என்றார். பொதியை அவிழ்க்க மனம் வராமல் மேல்தட்டில் வைத்திருந்தேன். படம் பார்த்த அந்த இரவில், உறக்கம் வராது எழுந்து, அதனை அவிழ்த்தேன். பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் யான் எழுதிய கட்டுரைகள் யாவும், நாங்கள் பேசாதிருந்த ஒன்பது ஆண்டுக் காலத்தனவும் உட்பட, வெட்டி ஒட்டப்பட்டு ஒழுங்காக இருந்தன. ஓரங்களிற் பென்சிற் குறிப்புகள். 'நன்று' என்று சில. 'ஆராயவில்லை' என்று பல. புறத்திணை பற்றிய கட்டுரை ஒன்றில், தும்பை சூடிய வேந்தனின் நோக்கம் வெற்றியே என்று யான் எழுதிய வரியின் அருகில் இவ்வாறு இருந்தது: 'வெற்றி வாகைக்கு உரியது. தும்பையில் வலிமை ஒன்றே பொருள். பண்டிதர் அவசரப்பட்டுவிட்டார்.'

அவர் எழுதியதே சரி. திங்கட்கிழமை வகுப்பில் என் குறிப்பேட்டில் அவ்வரியைத் திருத்தி, திருத்தியவர் பெயரையும் மாணாக்கருக்குச் சொன்னேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லும் காலம் கடந்துவிட்டது.

நேயர்களுள் எவருக்கேனும் அத்தகைய மாற்றார் ஒருவர் வாய்த்திருக்கக்கூடும். வகுப்பில் முந்தியவராகலாம், சபையில் மறுத்தவராகலாம், சங்கத்தில் எதிர்நின்றவராகலாம். பேர்டும் ஜோன்சனும் ஒரு தாய் இட்ட மதிய உணவினால் வெல்லப்பட்டார்கள். நமக்கு அவ்வாறு அழைப்போர் வருவார் என்று காத்திருத்தல் வேண்டியதில்லை. இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்லுங்கள்.